அமுலுவின் மாவு புளித்த கோடை

ஏப்ரல் 28, ஞாயிறு

தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, அரசன் இல்லாத கோட்டை என்று எங்கள் வேலூரைக் கேலி பேசுவார்கள். ஓய்வு இல்லாத விடுமுறை என்பதையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். ஐ.டி.ஐ.க்கு லீவு விட்டதிலிருந்து ஒரு மத்தியானம்கூட நான் காலை நீட்டிப் படுக்கவில்லை.

காலையில் துணி துவைத்தேன். கடைசித் துணியைக் கொடியில் போடும்போது முதல் துணி காய்ந்திருந்தது. பிறகு வீட்டுக்காரரைக் குளிக்க வைத்து, வாக்கரைப் பிடிக்கவைத்து, ஏசி அறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். விசில் ஊதி ஒரு பள்ளிக்கூடத்தையே ஓடவிட்ட பி.டி. மாஸ்டர் தயாளனுக்கு இப்போது குளியலறையிலிருந்து கட்டிலுக்கு வருவதே மாரத்தான். ஆறு வருடமாக எம்.எஸ். என்கிற நரம்பு நோய். ஒயரின் மேலுறை உரிந்துபோனால் கரண்ட் எப்படித் தாறுமாறாகப் போகுமோ, அப்படி. இந்த நோய்க்குச் சூடு ஆகாது. உடம்பு சூடேறினால் கால் துவளும், கண் மங்கும். குளிர்ந்த அறையில் கொஞ்ச நேரம் படுத்தால் இரண்டும் திரும்பி வந்துவிடும். ஒவ்வொரு கோடையிலும் அவரை இப்படித்தான் ஏசிக்குள் வைத்து மீட்டுக்கொண்டிருக்கிறேன்.

இன்று சாயந்தரம் ஆகியும் கண் தெளியவில்லை. "ஏசி முன்ன மாதிரி இல்ல கஸ்தூரி. ரூம் புழுங்குது" என்றார்.

சரி, பார்த்துவிடலாம். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஏசி ரிப்பேர் சொல்லிக்கொடுக்கிறேன். என் வீட்டு ஏசி என்னிடமே வேலை காட்டுமா?

ஏப்ரல் 29, திங்கள்

ஃபில்டரைக் கழற்றிக் கழுவினேன். மாடிப்படிக்குக் கீழே இருக்கிற அவுட்டோர் யூனிட்டில் படிந்த புழுதியைத் தண்ணீர் பீய்ச்சி எடுத்தேன். கேஸ் அழுத்தம் பார்த்தேன், சரியாக இருந்தது. உள்ளே வரும் காற்றில் தெர்மாமீட்டரைப் பிடித்தேன். அது பன்னிரண்டு டிகிரி காட்டியது. இதற்கு மேல் ஒரு ஏசி என்ன செய்ய முடியும்?

ஆனால் அவர் புழுங்குகிறது என்கிறார். கண் இன்னும் கலங்கலாக இருக்கிறதாம். அந்தத் தெர்மாமீட்டர் பழசு.

அவுட்டோர் யூனிட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பின்வீட்டு அமுலு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கிறாள். எங்கள் யூனிட்டுக்கு நேர் எதிரே, ஒரு முழம் சந்துக்கு அந்தப் பக்கம் அவள் மாவு வைக்கிற அறை.

"இன்னாக்கா, இத்தக் கொஞ்சம் அந்தாண்ட திருப்பி வெக்கக்கூடாதா? அனலு பூரா என் ரூமுக்குத்தான் வருது. மாவு ரெண்டு மணி நேரத்துல புளிச்சுப் போவுது."

"பார்க்கறேன் அமுலு."

"போன வருசமும் இதாங்க்கா சொன்னே."

நான் வேறெதற்கோ அவசரம் போல உள்ளே வந்துவிட்டேன்.

ஏப்ரல் 30, செவ்வாய்

கண் அப்படியே. ஃபில்டரை மறுபடி கழுவினேன்.

மே 1, புதன்

அவருக்குப் பொழுது போகவில்லை. டிவி வேண்டாம் என்கிறார், பேப்பரும் வேண்டாம் என்கிறார். காலையில் எழுந்ததும் விளையாட்டுப் பக்கத்தை உருவிக்கொண்டு போகிற ஆள். "பாடம் எடு டீச்சர், கேட்கலாம்" என்றார். என்ன பாடம் என்றால், "இந்த ஏசிக்குள்ள ஓடுதே ஒரு கேஸ், அதோட கதையைச் சொல்லு" என்றார்.

சொன்னேன். அந்தக் காலத்து ஃபிரிட்ஜில் ஓடிய கேஸ் பரம சாது. நெருப்புப் பிடிக்காது, விஷம் கிடையாது. வெளியே கசிந்ததெல்லாம் மெல்ல மேலே போய் ஓசோன் படலத்தை அரித்தது. அது மட்டுமில்லை, பூமிக்குக் கம்பளியாகவும் போர்த்தியது. உலக நாடுகள் கூடிப் பேசி அதை நிறுத்தின. ஓசோனுக்காக எடுத்த முடிவு, பூமி சூடாவதையும் கொஞ்சம் மட்டுப்படுத்தியது. அதுவரை நல்ல கதை. அதற்குப் பதிலாக வந்தவற்றில் ஒன்றுதான் எங்கள் பழைய ஏசியில் ஓடுகிற இருபத்திரண்டாம் நம்பர். ஓசோனை அரிப்பது முன்னதைவிடக் குறைவு, ஆனால் அரிக்காமல் இல்லை. ஒரு கிலோவை வெளியே விட்டால் ஆயிரத்தெண்ணூறு கிலோ கரியமில வாயுவை விட்ட மாதிரி. ஸ்கூட்டரில் ஏறக்குறைய பூமியைச் சுற்றி வந்த புகை. அதுவும் வேண்டாம் என்று அடுத்ததைக் கொண்டுவந்தார்கள். அது ஓசோனைத் தொடவே தொடாது. ஆனால் சூடேற்றுவதில் இதற்கு அண்ணன். வாணலிக்குத் தப்பி அடுப்பில் விழுந்த கதை. இப்போது விற்கிற ஏசிகளில் வருவது அதில் மூன்றில் ஒரு பங்குதான் சூடேற்றும். சமையல் கேஸ் வகையில் ஒன்று இருக்கிறது. அது பூமிக்கு அநேகமாக ஒன்றும் செய்யாது, ஆனால் தீப்பிடிக்கும்.

"ஆக, எத்தனை மாப்பிள்ளை மாத்தினாலும் ஆளுக்கு ஒரு குறை இருக்கு" என்றார்.

"இருக்கு."

"நான் ஒருத்தன் சில்லுன்னு படுத்திருக்கறதுக்கு ஊரே வேகணுமா டீச்சர்?"

எனக்குச் சுருக்கென்றது. "அந்தக் கேஸ் குழாய்க்குள்ளேயே சுத்திக்கிட்டிருந்தா யாரையும் ஒண்ணும் பண்ணாதுங்க. கரண்டுக்கு எரியற கரி வேற கணக்கு. பழைய கேஸை மிஷின்ல உறிஞ்சி சிலிண்டர்ல அடைக்கணும். சோம்பேறித்தனப்பட்டு வால்வைத் திறந்து காத்துல விடறான் பாருங்க, அவனை நிக்க வெச்சு உதைக்கணும்" என்றேன். வகுப்பிலும் இதையே சொல்வேன். பிள்ளைகள் சிரிக்கும்.

அவரும் சிரித்தார். சிரிக்கும்போது என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பக்கத்தில் இருந்த பீரோவைப் பார்த்தார்.

குளிர வைத்தும் ஒரு நாளில் கண் தெளியாவிட்டால் உடனே கிளம்பி வாருங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். சரிதான். ஆனால் முதலில் ஒழுங்காகக் குளிர வைக்க வேண்டுமே! கோளாறு ஏசியில் இருக்கும்போது ஆஸ்பத்திரிக்குப் போய் என்ன செய்ய?

மே 4, சனி

கத்திரி தொடங்கிவிட்டது. பேப்பரில் நூற்றுப் பத்து டிகிரி என்று போட்டிருக்கிறான். குழாயில் வருவது வெந்நீர்.

காலையில் ஏசியைப் பதினெட்டில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். வந்து, "எவ்வளவு காட்டுதுங்க?" என்று வாசலில் இருந்தே கேட்டேன். ரிமோட்டைக் கையில் எடுத்துப் பார்த்து, "இருபத்துநாலு" என்றார். எப்போதும் நாங்கள் வைப்பது இருபத்துநாலில்தான். போய்ப் பார்த்தால் பதினெட்டே இருந்தது. ரிமோட்டும் கோளாறு போலிருக்கிறது. ஒன்று சொல்கிறது, ஒன்று காட்டுகிறது. பேட்டரி மாற்றினேன்.

வலது கால் இன்று தரையில் இழுபட்டது. செருப்பு பெரிசு என்றார். போன வருடமும் அதே செருப்புத்தான்.

மே 6, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன். போன வருடம் நான் தேர்வு வேலையில் மாட்டிக்கொண்டிருந்தபோது வெளி மெக்கானிக் ஒருவன் கேஸ் நிரப்பினான். மார்க்கெட்டில் கலப்படக் கேஸ் நிறைய. அழுத்தம் சரியாகக் காட்டும், ஆனால் வேலை செய்யாது. அதுதான். வேறு எதுவாகவும் இருக்க முடியாது. முழுவதையும் எடுத்துவிட்டுச் சுத்தமான கேஸ் நிரப்ப வேண்டும்.

கேஸை உறிஞ்சி எடுக்கிற மிஷின் ஐ.டி.ஐ.யில் இருக்கிறது. ஒர்க்‌ஷாப் சாவி பிரின்சிபாலிடம். பிரின்சிபால் குடும்பத்தோடு ஏற்காட்டில். போன் போட்டேன். "ஜூன் வரைக்கும் பொறுங்க மேடம், என்ன அவசரம்?" என்றார். என்ன அவசரமா? வீட்டில் மனுஷன் என் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் பேசுகிறார். அதுதான் அவசரம்.

பழைய மாணவர்கள் இரண்டு பேரைக் கேட்டேன். இந்த வெயிலில் எவன் மிஷினை இரவல் கொடுப்பான்? ஒருவன், "இதுக்கெல்லாம் மிஷினா மேடம்? ஒரு திருகு திருகினா வேலை முடிஞ்சது" என்றான். என்னிடம் படித்தவன். திட்டிவிட்டு போனை வைத்தேன்.

மே 7, செவ்வாய்

எழுத ஒன்றும் இல்லை. குழம்பு தீய்ந்துவிட்டது.

மே 8, புதன்

பழைய ஏசி ஓடவில்லை. அதில் கேஸ் இல்லை. கடைக்காரனிடம் இருந்த சிலிண்டரில் சீல் உடைந்திருந்தது. கலப்படத்துக்குப் பயந்து எடுத்துவிட்டு, இன்னொரு கலப்படத்தை நிரப்பவா? இருபத்திரண்டாம் நம்பரை எல்லோரும் கைகழுவிக்கொண்டிருக்கிறார்கள், நல்லது கிடைப்பதே கஷ்டம். புது ஏசி சொல்லிவிட்டேன். நாளைக்கு வரும்.

நேற்றும் இன்றும் ஈரத்துண்டைப் போர்த்தி, டேபிள் ஃபேனுக்கு முன்னால் ஐஸ் வைத்து ஓட்டினேன். தலையணை நனைந்துவிட்டது. வாய் குழறியது அவருக்கு. துண்டை மாற்றும்போது, "நேத்து மாடிப்படிக்குக் கீழ புஸ்ஸுன்னு ஒரு சத்தம், ரொம்ப நேரம். என்னா அது?" என்றார்.

"குக்கர்" என்றேன்.

மே 9, வியாழன்

புது ஏசி மாட்டிவிட்டார்கள். பழையதைவிடப் பெரிசு. பழைய இடத்திலேயே அவுட்டோர் யூனிட். மாட்டியவர்கள் என்னைப் பார்த்துப் பயந்து இரண்டு தடவை லீக் டெஸ்ட் செய்தார்கள். ஓட விட்டதும் அறை கொடைக்கானல் ஆனது. எனக்கே மூக்கு ஒழுகியது. அவர் கண்ணை மூடிப் படுத்து, "ம், நல்லா இருக்கு" என்றார்.

அப்பாடா! ராத்திரிக்கு ரசம் வைத்து அப்பளம் பொரித்தேன்.

மே 10, வெள்ளி

புழுங்குகிறதாம்.

சோப்பு நுரை வைத்து எல்லா இணைப்பையும் பார்த்தேன். ஒரு குமிழிகூட இல்லை. கம்பெனிக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டேன். புது மிஷினிலேயே இப்படியா? ஆள் அனுப்புகிறேன் என்றான்.

போர்வையைக் கழுத்து வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு புழுங்குகிறது என்கிறார். கொசுவுக்காகப் போர்த்தியிருப்பார்.

சாப்பிடும்போது தட்டில் வலது பக்கத்துப் பொரியலைத் தொடவே இல்லை. பீன்ஸ் பிடிக்கவில்லை போலும். தட்டைத் திருப்பி வைத்ததும் சாப்பிட்டுவிட்டார்.

மே 11, சனி

கம்பெனிக்காரன் வந்தான். கருவியை நீட்டினான், ஒன்பது டிகிரி என்றான். "மேடம், மிஷின் சூப்பரா இருக்கு. ரூம்ல நின்னா எனக்கே நடுங்குது."

"வாடிக்கையாளர் சொல்றதைக் கேளு தம்பி, கருவி தப்பாக் காட்டும்" என்றேன்.

அவன் போன பிறகு எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஒவ்வொரு புது வகுப்பிலும் நான் போர்டில் எழுதுகிற முதல் வரி, வாடிக்கையாளர் வாயை நம்பாதே, மீட்டரை நம்பு என்பது. இருந்தாலும் இருபது வருடம் கூட வாழ்ந்த மனுஷனை நம்புவேனா, கையகல டப்பாவை நம்புவேனா?

வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். உட்கார முடியவில்லை. ஒட்டடை அடித்தேன். அடித்த இடத்திலேயே மறுபடியும் அடித்தேன்.

மே 12, ஞாயிறு

இதை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் அமுலு வந்தாள். இந்தத் தடவை ஜன்னல் வழியாக இல்லை, வாசல் வழியாக. இடுப்பில் ஒரு அன்னக்கூடை நிறைய மாவு. பொங்கி விளிம்பைத் தாண்டி வழிந்திருந்தது. வாசற்படியில் நங்கென்று வைத்தாள்.

"பாருக்கா. விடிகாலைல அரைச்ச மாவு. மூந்து பாரு. இத்த யாருக்கு விக்கிறது? பழைய மிஷினே அனலைக் கக்குச்சு. புதுசு வந்ததுல இருந்து ஜன்னல் கம்பில கை வெக்க முடில."

"அந்த மிஷின் சரியா ஓடலை அமுலு. நானே அந்தக் கவலையில இருக்கேன்."

"ஓடலயா? இன்னாக்கா பேசறே? உன் மிஷின் ஓடுதா இல்லயான்னு என் மாவைக் கேளு, சொல்லும். செவ்வாக்கெயம, புதங்கெயம ஓடல இல்ல? அந்த ரெண்டு நாளும் மாவு எவ்ளோ நல்லா இருந்துச்சு தெர்மா? அதுக்கு முன்ன ஒரு நாள் ஒழுங்கா இல்ல, அப்பால ஒரு நாள் ஒழுங்கா இல்ல."

நான் அந்த மாவையே பார்த்துக்கொண்டு நின்றேன். புளிப்பு வாடை குப்பென்று வந்தது.

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. அறையில் இருக்கிற சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். வெளியே அனல் அடிக்கிறது என்றால் உள்ளே இருந்த சூடு போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். முதல் வருடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். தெர்மாமீட்டரைப் பழசு என்றேன், ரிமோட்டைக் கோளாறு என்றேன், கம்பெனிக்காரனின் கருவியைப் பொய் என்றேன். மாவை என்ன சொல்வது? அந்தப் பழைய ஏசி ஒழுங்காகத்தான் ஓடியிருக்கிறது. கடைசி நாள் வரை.

உள்ளே ஓடினேன். போர்வைக்குள் கையை விட்டு அவர் பாதத்தைத் தொட்டேன். ஐஸ். கையும் ஐஸ். உதடு லேசாக நீலம் பாரித்திருந்தது.

"புழுங்குதாங்க?"

"ம்."

"என் கையில எத்தனை விரல் இருக்கு, சொல்லுங்க."

கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். நான் விரலே காட்டவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தேன்.

"மூணு" என்றார்.

ஆட்டோவில் ஏற்ற அமுலுதான் ஒரு தோள் கொடுத்தாள். அன்னக்கூடை எங்கள் வாசலிலேயே கிடந்தது.

மே 13, திங்கள்

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இது சூட்டால வந்தது இல்லைங்க. புதுசா ஒரு தாக்குதல். ரெண்டு கண்ணிலயும் இருக்கு. ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"ஏசி சரியில்லைன்னு நெனச்சோம்" என்றேன். சொல்லும்போதே நாக்கு கூசியது.

மருந்து ஏற்றுகிறார்கள். கொஞ்சம் திரும்பலாம், முழுக்கத் திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார். முன்னாலேயே வந்திருந்தால் என்று அவர் ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

கேன்டீனில் காபி குடித்தேன். சர்க்கரை போட்டார்களா இல்லையா என்று தெரியவில்லை.

மே 16, வியாழன்

அவர் வாய் கொஞ்சம் தெளிந்திருக்கிறது. சாத்துக்குடி உரித்துக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"கண்ணு மங்கினது லீவு விட்ட மறுநாளே தெரியும் கஸ்தூரி. போன தடவை இங்க வந்துட்டுப் போனப்பதான் வாக்கர் வந்துச்சு. இந்தத் தடவை சக்கர நாற்காலின்னுடுவாங்களோன்னு பயம். ஏசி மேல பழியைப் போட்டா ரெண்டு நாள் தள்ளலாம்னு பார்த்தேன். நீ உடனே ஸ்பேனரைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டே. அப்புறம் எப்படிச் சொல்றது?"

எனக்கு ஆத்திரம் வந்தது. அந்தச் சாத்துக்குடியை அவர் மூஞ்சியில் பிழியலாமா என்று இருந்தது. கூடவே, என்மேல் இருந்த ஆத்திரம் அதைவிடப் பெரிசாக இருந்தது. அவர் தள்ளிப்போட்டது ரெண்டு நாள். அதை ரெண்டு வாரமாக இழுத்தவள் நான். போர்த்திக்கொண்டு புழுங்குது என்றவரைப் பார்த்துக் கொசு என்று எழுதி வைத்தவள் நான்தான்.

"அதைப் போய் காத்துல விட்டுட்டியே" என்றார், மெதுவாக.

"எதை?"

"குக்கர் ஒரே விசிலை அவ்வளவு நேரமா அடிக்கும்? இருபது வருசம் விசில் ஊதினவன்கிட்ட சொல்ற பொய்யா அது?"

நான் வார்டு என்றும் பார்க்காமல் அழுதேன். செவ்வாய்க்கிழமை அந்த வால்வைத் திறந்தபோது கை நடுங்கவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நல்ல ஏசி அது. ஒரு கோளாறும் இல்லாததைப் பிடித்து, அதன் வயிற்றில் இருந்ததை மேலே அனுப்பிவிட்டேன். இன்னும் பல வருடம் அது அங்கேயே இருக்கும். வகுப்பில் உதைக்கணும் என்பேனே, அந்த ஆள் நான்தான்.

"யாரை நிக்க வெச்சு உதைக்கறது டீச்சர்?" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். கையைத் துழாவி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

மே 21, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டோம். சக்கர நாற்காலியில்தான். வாசற்படியில் அன்னக்கூடை இல்லை, கழுவிக் கோலம் போட்டிருந்தது.

மே 28, செவ்வாய்

கத்திரி இன்றோடு முடிகிறதாம். வெயிலுக்கு அது தெரிந்த மாதிரி இல்லை.

காலையில் அவுட்டோர் யூனிட்டை மொட்டை மாடிக்கு ஏற்றினேன். கேஸ் முழுவதையும் யூனிட்டுக்குள்ளேயே இழுத்து அடைத்து, வால்வை மூடி, அப்புறம்தான் குழாயைக் கழற்றினேன். கடைசியில் பிஸ் என்று ஒரு மூச்சு வந்தது. அந்த ஒரு மூச்சுக்கே எனக்கு வியர்த்துவிட்டது. அமுலு கீழே நின்று, "இனிமே அனலு யாருக்குக்கா போவும்?" என்று கேட்டாள். மேலே கையைக் காட்டினேன். காட்டிய பிறகு அது ஒன்றும் பெரிய பதிலாக எனக்குத் தோன்றவில்லை. அவள் ஒரு பாக்கெட் மாவைக் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

மத்தியானம் அவருக்குத் தோசை. தட்டைச் சுற்றிச் சுற்றித் திருப்பி வைத்தேன். கால் அப்படியேதான் இருக்கிறது. இடது கண்ணில் ஓரம் தெரிகிறது, நடுவில் ஒரு கறுப்பு. அந்தக் கறுப்பு போகும் என்று டாக்டரம்மா சொல்லவில்லை, நானும் திரும்பக் கேட்கவில்லை.

சாப்பிட்ட பிறகு ஏசியைப் போட்டு, ரிமோட்டை அவர் கையில் கொடுத்தேன்.

"எவ்வளவு காட்டுதுங்க?"

கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தார். இருபத்துநாலு என்று வந்துவிடுமோ என்று பயந்தேன்.

"முதல்ல இருக்கறது ரெண்டு. அடுத்தது ஆறா எட்டான்னு தெரியலை கஸ்தூரி."

"ஆறுங்க" என்றேன்.

"புழுங்குதாங்க?" என்றும் கேட்டேன்.

"இல்ல. சில்லுன்னு இருக்கு. ரெண்டு ஏத்தி வை, போதும்."

அவரை நம்பினேன். இருபத்தெட்டில் வைத்தேன். இருந்தாலும் போய்த் தெர்மாமீட்டரை ஒரு தடவை பார்த்துவிட்டு, அவர் பாதத்தையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தேன்.